அடிவயிற்று வெளிச்சம்

போட்டோவில் கனகசபாபதிக்கு நிழல் இல்லை.

மற்ற எல்லாருக்கும் இருந்தது. கல்லூரி முதல்வருக்கு இருந்தது. விலங்கியல் துறை டாக்டர் நசிமாவுக்கு இருந்தது. சால்வைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒண்டி நின்ற பியூனுக்குக்கூட, ஃப்ளாஷ் அடித்த அடியில், பின்சுவரில் அவனைவிட வாட்டசாட்டமாக ஒரு கறுப்பு ஆள் முளைத்திருந்தான். நடுநாயகமாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்து கொள்ளாத மாலையுமாக நின்ற சேர்மனுக்குப் பின்னால் மட்டும் சுவர், அடித்த சுண்ணாம்பு அடித்தபடியே, வெறிச்சென்று கிடந்தது.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, ரோஷம்.

"ஏலே, பியூனுக்கு இருக்கு. எனக்கு இல்லையா?" என்று திருத்தங்கலில் இருந்த தம்முடைய அச்சகத்துக்கு போன் போட்டார்.

எடுத்தவன் டிசைனர் பாண்டிச்செல்வம். "லைட்டிங்கு மொதலாளி. ரெண்டு பக்கமும் ஃப்ளாஷ் அடிச்சா அப்பிடித்தான் முளுங்கிரும். நீங்க கவலைய விடுங்க, நான் ஒண்ணு வச்சுத் தாரேன்."

வைத்தும் கொடுத்தான். விசுவாசமான பையன். மற்றவர்கள் நிழலைவிட ஒரு முழம் உயரமாக, மாலையின் குஞ்சம்கூடத் தெரிகிற மாதிரி கச்சிதமாக வைத்தான். அந்த நிழலோடுதான் படம் பேப்பரில் வந்தது.

கனகசபாபதி யார் என்று சிவகாசிப் பக்கம் யாரும் கேட்பதில்லை. கேட்க அவசியம் வராதபடி அவரே எல்லா இடத்திலும் எழுதி வைத்திருந்தார். பஸ் ஸ்டாப் கூரையில், குடிதண்ணீர்த் தொட்டியில், பள்ளிக்கூடத்து மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அவர் பேர் இருந்தது. கோயிலுக்கு அவர் உபயமாகக் கொடுத்த டியூப் லைட்டுகளில் பேர் போக மிச்சமிருந்த இடத்தில்தான் வெளிச்சம் வந்தது. எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி, திருத்தங்கலில் காலண்டர் அச்சகம், அப்புறம் ஒரு கல்லூரி. கல்லூரி தொடங்கியதிலிருந்து யாராவது 'அண்ணாச்சி' என்றால் காது கேட்காது. 'கல்வித் தந்தை' என்றால் தெருமுனை தாண்டிப் போனவரும் நிற்பார். போன சித்திரையில் புதுப்பட்டிக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை வெடித்து நாலு பேர் செத்தபோது ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியவரும் அவர்தான். நாலு பேர் படமும் சேர்ந்து அவர் படத்தில் பாதி இருந்தது.

இப்பேர்ப்பட்டவருக்குக் கடல் மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் நசிமா கொண்டுவந்து கொடுத்தாள்.

கொடுத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில், ஆழ்கடல் இறாலுக்குப் போய்வரும் படகுகள் வேண்டாமென்று கொட்டுகிற கழிவு மீன் குவியலை, அது கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுவதற்கு முன்னால் கிளறிப் பார்ப்பது அவள் வழக்கம். லீவு விட்டால் மற்ற பேராசிரியர்கள் குற்றாலத்துக்குப் போவார்கள், இவள் குவியலுக்குப் போவாள். அப்படிக் கிளறியபோது கிடைத்தது, ஒரு சாண்கூட வராத கறுப்பு மீன். வெல்வெட் துணி போலத் தோல். தலையில் பாதி கண். ஏதோ குட்டி என்று நினைத்துத்தான் எடுத்தாள். அறுத்துப் பார்த்தால் அதன் வயிற்றுக்குள் குட்டிகள் இருந்தன. வளர்ந்த சுறா. அதற்குமேல் அது வளராது. பல்லை எண்ணி, முள்ளை அளந்து, எந்தெந்த நாட்டு மியூசியத்துக்கோ எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில், இது உலகத்தில் இதுவரை யாரும் பேர் வைக்காத உயிர் என்று வருஷக்கணக்கில் பாடுபட்டு நிரூபித்தாள்.

"பேரு இன்னும் வைக்கலையா?" என்று கனகசபாபதி கேட்டார். காலி மனையைப் பார்த்தவனின் குரல்.

நசிமா ஒரு பேர் யோசித்து வைத்திருந்தாள்; நிழலற்றது என்று பொருள் வரும் லத்தீன் வார்த்தை. ஆனால் அவள் இன்னும் தற்காலிகப் பேராசிரியை. நிரந்தரமாக்கும் உத்தரவில் சேர்மன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். சுறாவுக்குக் கனகசபாபதி என்று பேராயிற்று.

போட்டோ எடுத்த அன்று காலையில் கல்லூரி அரங்கில் நடந்தது அதற்கான விழாதான். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர். அதில், இன்டர்நெட்டிலிருந்து எடுத்த பஸ் நீளச் சுறா ஒன்று வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்கு மேலே பாய, அதன் பல்லுக்குப் பக்கத்தில் கனகசபாபதி கும்பிட்டபடி நின்றார். நிஜச் சுறா கீழே மேஜையில், ஸ்பிரிட் ஜாடிக்குள், சுருட்டி வைத்த கறுப்புக் காலுறை மாதிரி இருந்தது. ஜாடியிலும் 'உபயம்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"வெளிய எடுங்கம்மா, கையில வச்சுப் பாப்போம்" என்றார்.

"ஐயா, இது ஒண்ணுதான் மூல மாதிரி, பேருக்கே இதுதான் ஆதாரம். தோல் உரிஞ்சிரும்."

"என் பேரு, நான் தொடக்கூடாதா?"

எடுத்துக் கொடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஸ்பிரிட்டின் குளிர்ச்சி வேறு, இது வேறு. கிணற்றுக்குள் தலையைக் குனிந்தால் முகத்தில் படுமே, அந்த மாதிரி ஒரு குளிர்ச்சி உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஏறியது.

"வெளிச்சம் போடும்னீகளே? எரியக் காணோமே?"

"செத்தது எரியாதுங்க ஐயா."

"நம்ம தொழில்ல எரிஞ்சாத்தான் சாகும்" என்றார் சேர்மன். முதல்வர் சிரித்தார். முதல்வர் சிரித்ததால் முன்வரிசை சிரித்தது. நசிமா சிரிக்கவில்லை.

"அது வழி பாக்கறதுக்குப் போடுற வெளிச்சம் இல்லைங்க ஐயா, ஒளியறதுக்கு" என்றாள். "கடல்ல மேலேருந்து கொஞ்சூண்டு வெளிச்சம் கீழ எறங்கும். ஆழத்துல இருக்கறது அண்ணாந்து பாத்தா, நடுவுல நிக்கற மீன் நிழலாத் தெரிஞ்சிரும். அதனால இது அடிவயித்துல, மேலேருந்து எம்புட்டு வெளிச்சம் வருதோ அம்புட்டே போட்டுக்கிடும். கூடவும் போடாது, குறையவும் போடாது. கீழ இருக்கறதுக்கு இது இருக்கறதே தெரியாது."

"கீள என்ன இருக்கு?"

"இதைவிடப் பெரிசு எல்லாம்."

"ஸ்விட்ச் எங்க?" என்று கட்டைவிரலால் வயிற்றைத் தேய்த்தார்.

"ரத்தத்துலங்க ஐயா. இருட்டினா ஒரு சுரப்பு ஊறும், அதுதான் போடும். முதுகுல முள்ளு இருக்கு, பாத்து..."

அதற்குள் முள் ஏறிவிட்டது. முதுகுத் துடுப்பின் முன்னால் ஊசிபோல் ஒளிந்திருந்த முள். கட்டைவிரலில் ஒரே ஒரு சொட்டு ரத்தம் வந்து, கறுப்புத் தோலில் விழுந்து, தெரியாமல் போனது. அவர் விரலைச் சூப்பிக்கொண்டார். உப்புக் கரித்தது. ரத்தம் உப்புத்தானே என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான் ஜாடியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள்.

அன்று ராத்திரியிலிருந்து அவருக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

சிவகாசியில் கால் சுடும், குளிராது. அவர் வீட்டுக் கூடத்தில் இத்தாலியிலிருந்து கப்பலேற்றி வந்த வெள்ளைப் பளிங்கு. அந்தக் கப்பலின் பேரையும் வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்தப் பளிங்கு இப்போது, வெயில் ஜன்னலை உருக்குகிற மத்தியானத்திலும், ஐஸ் பெட்டியின் மூடி மாதிரி இருந்தது. கூடவே ஒரு வாடை. மீன் வாடை என்று முதலில் நினைத்தார். இல்லை. மீன் வாடையில் ஓர் உயிர் இருக்கும். இது வெறும் ஈரத்தின் வாடை, வெயிலே படாத ஈரம், பழைய இரும்பும் உப்பும் கலந்தது. மூலைகளில் நிற்கும், ஆள் கிட்டே போனால் விலகும், திரும்பினால் முதுகில் வந்து ஒட்டும்.

அவர் மனைவி பத்திரகாளிக்கும் அது பட்டது. பத்திரகாளி என்ற பேர் மேடைக்குச் சரிவராது என்று அவர் அழைப்பிதழ்களில் 'திருமதி கனகசபாபதி' என்று மட்டும் போடுவார். அந்த அம்மாள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

"என்னங்க, தரைக்கடியில ஏதும் தண்ணிக் குளாய் உடைஞ்சிருக்கா? பாதம் வெறைக்கு."

"இத்தாலிப் பளிங்குன்னா அப்பிடித்தான்."

"ஆமா, இத்தன வருசம் சும்மா இருந்துட்டு இப்பத்தான் அதுக்கு இத்தாலி நெனப்பு வந்துச்சாக்கும்" என்றுவிட்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வேறு ஒன்றும் கேட்டது. செருப்பு தரையில் அடிப்பது மேலே. அதற்குக் கொஞ்சம் பிந்தி, கீழே, ஒன்று பதில் சொல்வது போல.

நிழல் விஷயத்தைத் திட்டவட்டமாகப் பார்த்தது புதுப்பட்டியில். கலவை அறை இருந்த இடத்தில் புது அறை எழும்புவதைப் பார்வையிடப் போயிருந்தார். உச்சி வெயில். டிரைவர் பால்பாண்டி குடை பிடித்தான். பொட்டலில் ஒரு மரம் கிடையாது. செம்மண்ணும், வெடித்த அன்று சிதறி இன்னும் பொறுக்கப்படாத கான்கிரீட் துண்டுகளும். கனகசபாபதி தற்செயலாகக் குனிந்தார்.

தரையில் குடையின் நிழல் வட்டமாக விழுந்திருந்தது. அதற்கு வெளியே நின்ற பால்பாண்டி நிழல் அவன் காலடியில் சுருண்டு கிடந்தது. கனகசபாபதி ஓரடி முன்னால், வெயிலுக்குள் வந்தார். தம்முடைய செருப்பைப் பார்த்தார். செருப்பைச் சுற்றி மண் பளீரென்று காய்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டினார். கைக்கு நிழல் இல்லை. வேட்டியை உதறினார். வேட்டிக்கும் இல்லை. வெயில் அவர் மேலே விழுந்து, அவர் அங்கே இல்லாதது போல, அம்புட்டும் கீழே போய்ச் சேர்ந்தது.

பால்பாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னலே பாக்க?"

"ஒண்ணுமில்ல மொதலாளி."

"என்னத்தலே பாத்த?"

"குருவி ஒண்ணு கெடக்கோன்னு பாத்தேன். உங்க காலுக்கடியில."

அப்போதுதான் அதைக் கண்டார். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரே ஒரு கறுப்பு. அவர் கழுத்தின் நிழல் எங்கே விழ வேண்டுமோ அங்கே. ஒரு கை அகலம். இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் பருத்து. அவர் நகர்ந்தால் நகர்ந்தது. நின்றால், நிற்காமல், லேசாக வாலை ஆட்டியது.

அதன்பிறகு பால்பாண்டி கார்க் கதவைத் திறந்துவிட்டு எட்டவே நின்றான். இரண்டு நாளில் அவன் சம்சாரத்துக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னான். கனகசபாபதி அதைச் சம்சாரத்தின் காய்ச்சலாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது. ஆள் வைத்து, கூடத்தின் மேல்தளம் முழுக்க ஃபோகஸ் லைட் மாட்டினார். வெளிச்சம் பத்தாமல்தான் நிழல் விழவில்லை என்பது அவர் கணக்கு. வாழ்க்கையில் எந்தப் பிரச்சினையையும் அவர் லைட் போட்டுத்தான் தீர்த்திருக்கிறார். எல்லா லைட்டும் எரிந்தபோது கூடம் கல்யாண மண்டபமாக ஜொலித்தது. சோபாவுக்கு நிழல், பூச்சாடிக்கு நிழல், பறந்த கொசுவுக்கு நிழல். அவருக்கு, கழுத்துக்குக் கீழே, அந்தக் கறுப்பு மீன். முன்னைவிடக் கறுப்பாக. ஓரம் வெட்டினாற்போல.

பத்திரகாளி பெட்டி கட்டிவிட்டாள். "நான் விருதுநகர்ல தங்கச்சி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரேன். நீங்களும் வாரீகளா?"

"எனக்கு வேலை இருக்கு."

"ராத்திரி நீங்க தூங்கும்போது கட்டிலுக்கடியில வெளிச்சம் தெரியுது. நான் குனிஞ்சு பாக்கல. பாக்க மாட்டேன்" என்றாள். கார் போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு வீட்டின் சத்தம் மட்டும்.

மத்தியானம் கழிந்து வானம் மூடிக்கொண்டு வந்த நேரத்தில் நசிமாவை போனில் பிடித்தார். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, கறுப்பின் மேல் கண்ணை வைத்தபடியே பேசினார்.

"டாக்டரம்மா, நம்ம மீனுக்கு ஒடம்பு பூராவும் லைட் எரியுமா?"

"கழுத்துல ஒரு பட்டை மட்டும் எரியாதுங்க ஐயா. கறுப்பா இருக்கும்."

"எதுக்கு?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு ஊகம்தான். மத்த ஒடம்பு வெளிச்சத்துல மறைஞ்சிரும்ல? கீழேருந்து பாத்தா அந்தப் பட்டை மட்டும் ஒரு சின்ன மீன் மாதிரி இருக்கும். ஆழத்துல இருக்கற பெரிசு அதைத் தின்ன மேல வரும்."

"வந்து?"

"அதுக்கு மேல யாரும் பாத்ததில்லைங்க ஐயா."

எங்கோ தூரத்தில் பட்டாசு சோதித்தார்கள், அல்லது இடி. கனகசபாபதிக்கு வெடிச்சத்தம் பழக்கம். காற்றில் முதலில் வரும், காலுக்கு அப்புறம் வரும். இது காலுக்கு மட்டும் வந்தது.

"ஐயா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் நசிமா. அவள் குரல் ஜாக்கிரதையாக மாறியது. "கட்டுரை ஃபுரூஃப் வந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் நான் ஓகே பண்ணி அனுப்பணும். பேரு மாத்தறதா இருந்தா இதுதான் கடைசி. அச்சுல ஏறிட்டா நானே நெனச்சாலும் மாத்த முடியாது. யாராலயும் முடியாது. மனுசன் இருக்கற வரைக்கும் அந்த மீனுக்கு அதுதான் பேரு. உலகம் பூராவும் அப்பிடித்தான் விதி."

அவர் காலண்டர் அச்சடிக்கிறவர். ஃபுரூஃப் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓகே சொல்லும் வரைதான் பேப்பர், சொன்னபிறகு அது கல். முள் குத்திய இடம் விண்ணென்றது. பேரைக் கொடுத்த அன்றுதான் இது தொடங்கியது என்று உடம்பு அவருக்கு முன்னாலேயே கணக்குப் போட்டிருந்தது.

"அப்பிடின்னா..." என்றார். "அப்பிடின்னா அந்தப் பேர எடுத்துட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. பளிங்கில் ஒரு மங்கல் படர்ந்தது. ஊதுபத்திப் புகை தரையில் படுத்த மாதிரி. முதலில் தோள். அப்புறம் தலை. நிழல் வந்துகொண்டிருந்தது. கழுத்தின் கறுப்பு அதற்குள் கரையத் தொடங்கியது. காலடியில் குளிர் ஒரு நூல் குறைந்தது. கனகசபாபதிக்கு அழுகை முட்டியது. குனிந்து, போன பிள்ளை திரும்பி வந்ததைப் பார்ப்பது போல, அதைப் பார்த்தார்.

குட்டையாக இருந்தது. தொந்தி ஒரு பக்கம் சரிந்திருந்தது. தலையில் முடி ரெண்டு கற்றை கிளம்பி நின்றது. பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறவனின் கூன். எந்தக் கூட்டத்தில் விட்டாலும் யார் வேண்டுமானாலும் இடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கிழட்டு நிழல்.

இம்புட்டுத்தானா?

"ஐயா? எடுத்துரட்டுமா?" நசிமாவின் குரலில் மூச்சு நின்றிருந்தது. வருஷக்கணக்கில் அடைத்து வைத்த மூச்சு. அந்த ஆவலை அவர் கேட்டார். கேட்டதும் சேர்மன் ஆனார். இவளுக்கு என் பேரை எடுப்பதில் இம்புட்டு ஆசையா? வரும் வருஷத்துக் காலண்டரில் சுறாவோடு தாம் நிற்கும் படம் லட்சக்கணக்கில் அச்சாகிக் கட்டுக் கட்டாக லோடு ஏறியிருப்பதும் நினைவுக்கு வந்தது. மனுசன் இருக்கிற வரைக்கும் என்றாளே. பஸ் ஸ்டாப்பை நெடுஞ்சாலைக்காரன் இடித்துவிடுவான். டியூப் லைட் பீஸ் போகும். இது போகாது.

"எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும். அனுப்புங்க."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஒரு விசை தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க ஐயா. அனுப்பிட்டேன்."

தரையில் இருந்த கிழவன் ஈரம் காய்வது போல ஓரத்திலிருந்து காய்ந்து போனான். பளிங்கு பளீரென்றது. கறுப்பு மீன் மட்டும் நின்றது. இப்போது அதற்குத் துடுப்பு இருந்தது.

குளிர் கணுக்கால் வரை ஏறியது. வெளியே மழை இல்லை, காற்று இல்லை. ஆனாலும் வாடை மூலைகளை விட்டு நடுக்கூடத்துக்கு வந்து நின்றது. அவர் சோபாவுக்கு நகர்ந்தார். கறுப்பு கூட வந்தது. சோபா மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார், சின்னப் பிள்ளை மாதிரி, எழுபது வயதில். கறுப்பு சோபாவுக்கு ஏறவில்லை. கீழேயே, பளிங்கில், அவருக்கு நேர் அடியில் சுற்றியது. அவசரமில்லாமல். தன்னைக் காட்டிக்கொள்கிற மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே பொழுது முழுக்க இருட்டியபோது சத்தம் மறுபடி வந்தது. தட்டுகிற சத்தமில்லை. உரசுகிற சத்தம். லோடு லாரி சுவரோரமாக ரிவர்ஸ் எடுக்கும்போது உரசுமே, அந்த நீளத்துக்கு. கூடத்தின் இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போனது. பிறகு திரும்பியது. பூச்சாடித் தண்ணீரில் வட்டம் விழுந்தது.

வாழ்நாள் முழுவதும், கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காக எத்தனை பேனர் கட்டியிருப்பார். அண்ணாந்து பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. பாதத்தில் தெரிந்தது. தொடையின் அடிப்பக்கத்தில் தெரிந்தது.

வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கிறது. அணைத்துவிட்டால்? நிழலே இருக்காது. கறுப்பும் இருக்காது. ஸ்விட்ச் போர்டு கைக்கு எட்டியது. சோபாவிலிருந்து இறங்காமல், உடம்பை நீட்டி, வரிசையாக அணைத்தார். கடைசி ஸ்விட்ச். இருட்டு.

இருட்டவில்லை.

நீலம். மெல்லிய நீலம், காஸ் அடுப்பைக் குறைத்து வைத்த மாதிரி. எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்தார். சோபாவின் அடியிலிருந்து. இல்லை. சட்டைக்குள்ளிருந்து. பொத்தானைப் பிய்த்தார். அடிவயிறு. ஊசி முனை அளவில் புள்ளி புள்ளியாக, ஆயிரக்கணக்கில், ஒழுங்கு ஒழுங்காக, எரிந்தது. துண்டை வைத்து மூடினார். துண்டின் வழியாக எரிந்தது. கையை வைத்தார். கையின் அடிப்பக்கமும் எரிந்தது. சிவகாசியிலேயே மிகப் பெரிய இருட்டில் அவர் ஒருவர் மட்டும் விளக்காக உட்கார்ந்திருந்தார்.

கீழே உரசல் நின்றது.

பார்த்துவிட்டது.

ஸ்விட்ச். எல்லா ஸ்விட்சும். ஒன்று விட்டு ஒன்றைத் தட்டி, லைட்டுகள் படபடவென்று எரிந்தன. வயிற்று நீலம் வெளிச்சத்துக்குள் மறைந்தது. கறுப்பு மீன் அதே இடத்தில் இருந்தது. அசையாமல். தலை கீழ்நோக்கி.

"பத்திரகாளி" என்று கூப்பிட்டார். முழுப் பேரையும் சொல்லி அவர் மனைவியைக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. நசிமாவைக் கூப்பிடலாம். போன் எங்கே? பளிங்கில். நடுக்கூடத்தில். அங்கே எப்போது விழுந்தது? காலை இறக்க வேண்டும். நாலு எட்டு. அஞ்சு எட்டு.

பெருவிரலை மட்டும் இறக்கினார்.

பளிங்கு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் ஆழமாக இருந்தது.

கறுப்பு மீன் வாலை ஒரு முறை அடித்தது. அவர் காலடியிலிருந்து பிரிந்தது. பளிங்கின் மேலே இல்லை, உள்ளே. கீழே. இறங்கியது. கை அகலம், விரல் அகலம், மிளகு. போயேவிட்டது. கனகசபாபதி குனிந்து, வெள்ளைத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுத்தமான தரை. அவருக்கென்று இப்போது ஒரு புள்ளிகூட இல்லை.

போய்விட்டது. தப்பித்தோம்.

மூச்சை விட்டார். மூச்சு வெள்ளையாக, பனியாக வந்தது.

அப்போது, மிளகளவாகி மறைந்த இடத்தில், மறுபடி ஒரு மிளகு தெரிந்தது. திரும்பி வருகிறது என்று நினைத்தார். விரல் அகலம் ஆயிற்று. கை அகலம். அங்கே நிற்கவில்லை. சோபா அகலம். பூச்சாடி தானாக நகர்ந்தது. எல்லா லைட்டும் முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டிருக்க, சுவரிலிருந்து சுவர் வரை, இத்தாலிப் பளிங்கு மொத்தமும் கறுத்தது.

மேலேயிருந்து விழுந்த நிழல் இல்லை அது.